ஒரு பட்டத்துக்கு இரண்டு கட்டணம்

(திருச்சியில் நிகழ்த்திய கல்வி அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பள்ளி ஆசிரியர். தம் சேமிப்பை வைப்புநிதியாக ஒப்படைத்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார். எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றி ஆண்டுக்கொருமுறை யாராவது ஒருவர் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றார். அந்த வாய்ப்பை இவ்வாண்டு எனக்கு அளித்த அறங்காவலர்களுக்கு என் நன்றி. நான் நெடுங்காலம் இயந்திரவியல் கற்பித்தவன். பல கல்லூரிகளுக்குப் புறத்தேர்வாளனாகச் சென்று வந்தவன். அந்த அனுபவத்தோடு, எல்லோரும் அறிந்த சில புள்ளிவிவரங்களையும் சேர்த்துவைத்து இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்லூரிச் செலவை எப்படிச் சமாளிப்பது என்பது பெற்றோரின் கவலை. படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பது மாணவரின் கவலை. இவ்விரண்டையும் வெவ்வேறு பிரச்சினைகளாகவே நாம் கையாண்டு வருகிறோம். முதலாவதற்கு உதவித்தொகையும் கடனும் தருகிறோம். இரண்டாவதற்குத் திறன் பயிற்சித் திட்டம் போடுகிறோம். இரண்டும் ஒரே பிரச்சினை என்பதே என் உரையின் மையக் கருத்து. பட்டக் கல்விக்குள்ளேயே கிடைத்திருக்க வேண்டிய தொழில் தேர்ச்சி அங்கே கிடைக்காததால், குடும்பம் அதை வெளியே மறுபடி விலை கொடுத்து வாங்குகிறது. ஒரு பட்டத்துக்கு இரண்டு கட்டணம் கட்டுகிறது. முதல் கட்டணத்தைக் குறைக்கத் தமிழ்நாடு நிறையச் செய்திருக்கிறது. இரண்டாவது கட்டணத்தை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை. இதை ஏழு குறிப்புகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. திறந்த கதவுகள்

குறைகளைப் பேசுமுன் நாம் கடந்து வந்த தூரத்தைச் சொல்வதே நியாயம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரப்பட்டது. அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. தொழிற்கல்விக்கான பொது நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் வந்தது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கலந்தாய்வுக்கு வர முடிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை 2012-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021-இலும் நடைமுறைக்கு வந்தது. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

இவற்றின் பலன் கண்கூடு. உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி நாட்டளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. ஏட்டுக் கல்வியே எட்டாதிருந்த குடும்பங்களிலிருந்து ஒரு தலைமுறை கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. கதவைத் திறந்துவிட்ட சமூகத்துக்கு, உள்ளே வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கும் கடமையும் உண்டு என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

2. கட்டணப் பட்டியலில் வராத செலவு

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கான கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. 2017-இல் அக்குழு கலந்தாய்வு இடங்களுக்கு 50,000 ரூபாயும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாயும் நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000 என்று வரம்பு வைத்தது. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 1992-லிருந்தே இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

ஆனால் பெற்றோர் கையில் கொடுக்கப்படும் சீட்டில் பேருந்துக் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், ஆய்வகம், சீருடை, 'ப்ளேஸ்மெண்ட் ட்ரெயினிங்', சங்கக் கட்டணம் என்று வரிசை நீள்கிறது. முதல் பட்டதாரி சலுகை இவற்றில் எதையும் தொடாது. அது கலந்தாய்வில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் கைச்செலவுக்கும் உதவுகிறது. விடுதிச் செலவுக்கு அது போதாது.

பணத்தோடு நேரமும் செலவாகிறது. ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து திருச்சிப் பக்கக் கல்லூரிக்கு வரும் மாணவியை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முன்பே சாலைக்கு வந்து நின்றாக வேண்டும். மாலை வகுப்பு முடிந்ததும் அந்தப் பேருந்து புறப்பட்டுவிடும். அதை விட்டால் வேறு வழியில்லை. ஆய்வகத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவோ, நூலகத்தில் இருக்கவோ, போட்டிக்கு ஒரு மாதிரி செய்து பழகவோ அவளுக்கு நேரமே கிடைக்காது. வீட்டில் வேலையும் காத்திருக்கும். "தானே முன்வந்து கற்றுக்கொள்ள வேண்டும்" என்று மேடையில் அறிவுரை சொல்கிறோம். அந்தத் 'தானே'வுக்கு வேண்டிய நேரம் விடுதிக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கே கிடைக்கிறது. வேலைத் தேர்ச்சியில் பின்னாளில் தெரியும் வித்தியாசம் முதலாண்டிலேயே பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிவிடுகிறது.

3. கடனும் முதல் சம்பளமும்

மிச்சச் செலவுக்குக் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டம்தான் இதற்கு அடிப்படை. நான்கு லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது அதன் விதி. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, தகுதியான படிப்புகளில், அந்தக் காலத்து வட்டியை ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் 2009-லிருந்து உண்டு.

அந்த வருமான வரம்புக்குச் சற்றே மேலே இருக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டில் நான்கு லட்சம் கடன். வட்டி பத்து விழுக்காடு. தவணை தொடங்கும் நாளுக்குள் சாதாரண வட்டியே 1.4 லட்சம் சேர்ந்துவிடும். ஆக 5.4 லட்சம். பத்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 7,100 ரூபாய். ஒரகடத்திலோ சூலூரிலோ மாதம் 15,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். அறை வாடகையும் சாப்பாடும் போக அவர் எதைக் கொண்டு இதைக் கட்டுவார்? இரண்டு, மூன்று தவணை தவறினால் கடன் வரலாற்றில் கறை விழும். அடுத்து தங்கைக்குக் கல்விக்கடன் கேட்டு அப்பா வங்கிப் படியேறும்போது அந்தக் கறையும் கூடவே வரும்.

கடன் திட்டம் தவறானது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பலர் படித்திருக்கவே முடியாது. ஆனால் படிப்பு முடிந்த ஓராண்டுக்குள் ஓரளவு நல்ல சம்பளம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தத் திட்டமே நிற்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு கடன் ஒப்பந்தத்தில் யாருக்கும் இல்லை. கல்லூரி கையெழுத்திடுவதில்லை. தொழில் நிறுவனம் கையெழுத்திடுவதில்லை. மாணவரும் தகப்பனாரும்தான் கையெழுத்திடுகிறார்கள்.

4. இரண்டாவது கட்டணம்

படிப்பு முடிந்து வேலை கிடைக்காத பிள்ளை அடுத்து எங்கே போகிறது? சென்னையில் வேளச்சேரிக்கும் தரமணிக்கும், கோவையில் காந்திபுரத்துக்கும் போகிறது. மாடிக்கு மாடி பயிற்சி நிலையங்கள்: 'ஜாவா ஃபுல் ஸ்டாக்', 'சாஃப்ட்வேர் டெஸ்டிங்', 'டேட்டா சயின்ஸ்', 'நூறு சதவீத ப்ளேஸ்மெண்ட்'. பயிற்சிக்குப் பணம்; அந்த மாதங்களுக்கு விடுதி வாடகை; பயணம், சாப்பாடு. நான்காண்டு படிப்புக்குக் கடன் வாங்கிய குடும்பம் நான்கு மாதப் பயிற்சிக்குக் கம்மலை அடகு வைக்கிறது. நான் சொல்லும் இரண்டாவது கட்டணம் இதுதான். இது எந்த அரசுக் கணக்கிலும் கல்விச் செலவாக எழுதப்படுவதில்லை. இதற்குச் சலுகை இல்லை, கட்டண நிர்ணயக் குழுவும் இல்லை.

இந்தச் சந்தை ஏன் உருவானது? கல்லூரிக்குள் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பதால்தான். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்த விவரம் உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியலில் 350-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட கல்லூரிகள் இருநூறுக்கும் மேல். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. காகிதத்தில் அந்த விகிதம் நிறைவேறியது. வகுப்பறையில் அந்த ஆசிரியர் இல்லை. இல்லாத ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் மாணவர் கட்டணம் கட்டினார்.

அரசுக் கல்லூரிகளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 170-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளை ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப்பிடிக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய்தான் தரப்பட்டு வந்தது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்க இருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பணியில் இருப்போமா என்று தெரியாத ஆசிரியர், மாணவரின் அடுத்த பத்தாண்டைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவது எப்படி?

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வு. மாணவர் முன்வைத்த கோப்பில் 'இன்பிளான்ட் ட்ரெயினிங்' சான்றிதழ் அழகாக இருந்தது. துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் முத்திரை. "அங்கே எந்த மெஷினில் நின்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு சொன்னார்: "அஞ்சு நாளும் கேட்டுக்குப் பக்கத்து ரூம்லதான் சார் உக்காந்திருந்தோம். மெஷின் ஓடுற பக்கம் விடல. ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு கடைசி நாள் சர்டிபிகேட் குடுத்தாங்க." அவரது ப்ராஜெக்ட்டும் நகரத்து ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில் வாங்கியதுதான், அதை அவர் சொல்லவில்லை, அட்டையின் உள்பக்கத்து ஒட்டுச்சீட்டு சொன்னது. கடைசல் இயந்திரத்தைப் பற்றி வரைபடம் போட்டு அவரிடம் கேட்டேன். கருவி முனையின் கோணம், வெட்டும் வேகம் இரண்டையும் பற்றிச் சரியாகவே பதில் சொன்னார். புத்தகத்தை ஊன்றிப் படித்திருக்கிறார். உலோகத்தில் கை வைக்கத்தான் நாம் அவரை விடவில்லை.

தொழிற்பழகுநருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று சட்டம் உள்ள நாட்டில், பயிற்சி பெறாமலே பயிற்சிக்காகப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார் அந்த மாணவர். அவரது கோப்பில் இருந்த ஒவ்வொரு தாளுக்கும் அவர் வீட்டார் பணம் கொடுத்திருக்கிறார்கள். தேர்ச்சி மட்டும் எந்த இடத்திலும் கொடுக்கப்படவில்லை.

5. 'தகுதி இல்லை' என்னும் தீர்ப்பு

படித்து வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே 51.25 விழுக்காட்டு இளைஞர்கள் மட்டுமே வேலைக்கேற்றவர்கள் என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது. இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவே பயன்படுத்துகிறார்கள்.

இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு. படிக்காதவருக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவரால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். பட்டதாரியோ கடன் வாங்கிப் படித்தவர். அந்தக் கடனுக்கு ஈடான வேலைக்காகக் காத்திருக்கிறார். அவர் காத்திருக்கும் மாதங்களுக்கும் குடும்பம்தான் சோறு போடுகிறது.

அந்தக் காத்திருப்பின் அளவு அரசுத் தேர்வுகளில் தெரிகிறது. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் 6,244 இடங்கள் அறிவிக்கப்பட்டன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நிலையான சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை வேறு எங்கே எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

நிறுவனங்களின் பங்கையும் சொல்ல வேண்டும். இந்தத் திருச்சிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பெல் தொழிற்சாலைக்குள் பழகுநராகச் சேர்ந்த பையன் உதவித்தொகை வாங்கிக்கொண்டே வெல்டிங் கற்றான். பொன்மலை ரயில்வே பணிமனையிலும் அப்படித்தான். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் புதியவர்களைச் சேர்த்துச் சம்பளத்தோடு மாதக்கணக்கில் பயிற்சி தந்துதான் வளர்ந்தன. இன்றோ சேரும் நாளிலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதே துறையில் புதியவர்களுக்கான ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக 3 முதல் 3.5 லட்சம் ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. பணி ஆணை கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைத்ததையும் 2022-க்குப் பின் பார்த்தோம். முன்பு நிறுவனம் ஏற்ற பயிற்சிச் செலவு இப்போது குடும்பத்தின் தலையில் இறங்கியிருக்கிறது. தகுதியின்மை என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் பெரும்பகுதி இப்படி இடம் மாறிய செலவுதான்.

6. ஊதியத்தோடு கற்கும் வழி

மாற்று வழி கற்பனையில் இல்லை. நம் மண்ணிலேயே இருக்கிறது. 1951-இல் கோவையில் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் உற்பத்தி செய்யும் தொழிற்கூடம் உண்டு. வகுப்பறைப் பாடத்தையும் தொழிற்கூடப் பயிற்சியையும் மாற்றி மாற்றி அடுக்கிய ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் 2005-லிருந்து நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பள்ளிப்படிப்பையோ பட்டயப்படிப்பையோ முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கிறார்கள். இவ்விரண்டும் எல்லா இடங்களிலும் அப்படியே நகலெடுக்கக் கூடியவை இல்லை. ஆனால் கற்கும்போதே வேலை பழகலாம், பழகும்போதே பணம் பெறலாம் என்பதை அவை மெய்ப்பித்துவிட்டன.

சட்டமும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் உள்ளடக்கியது. முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக 2019-இல் 9,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. அதில் பாதியை மத்திய அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. இதற்கான தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்பின் உள்ளேயே சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2022 மார்ச் முதல் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பாடத்தோடு திறன் பாடங்களை இலவசமாக இணைத்திருக்கிறது. மிக நல்ல தொடக்கம் அது.

தரமணியில் அந்த வாரியம் இருப்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? அதே தரமணியில் பயிற்சி நிலையங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பணம் வாங்குகிற இடத்துக்கு விளம்பரம் இருக்கிறது. பணம் கொடுக்கிற இடத்துக்கு விளம்பரம் இல்லை.

7. யார் என்ன செய்ய வேண்டும்

அரசுக்கு மூன்று வேண்டுகோள்கள். பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தை உதவித்தொகையுடன் கூடிய பழகுநர் காலமாக்குங்கள். முதலில் அரசுக் கல்லூரிகளில் தொடங்குங்கள். நம் மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள், குடிநீர் வாரியம், மாநகராட்சிகள் ஆகியவற்றில் மட்டுமே எத்தனையோ மாணவர்கள் உண்மையான வேலையைப் பழக முடியும். இரண்டாவது, காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். அதுவரை கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன ஊதியத்தைக் கொடுங்கள். மூன்றாவது, கல்விக்கடன் தவணையைப் பட்டதாரியின் வருமானத்தோடு இணைக்கும்படி மத்திய அரசையும் வங்கிகளையும் வற்புறுத்துங்கள். சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை தவணை கேட்கக்கூடாது. அதை எட்டாத ஆண்டுகளில் வட்டி ஏறக்கூடாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு: சேர்க்கையின்போதே நான்காண்டு மொத்தச் செலவை, பேருந்தும் விடுதியும் தேர்வும் உட்பட, ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வாசலில் தொங்கும் பதாகையில் ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்சச் சம்பளத்தைப் போடாதீர்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் எவ்வளவு என்பதைப் போடுங்கள். கட்டணப் பாக்கிக்காக மூலச் சான்றிதழைப் பிடித்து வைக்காதீர்கள். அப்படி வைத்துக்கொள்ளக்கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போக முடியாத பிள்ளை எதைச் சம்பாதித்து உங்கள் பாக்கியைத் தீர்க்கும்?

தொழில் முனைவோருக்கு: ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லுமுன் உங்கள் நிறுவனத்தில் சட்டப்படி எத்தனை பழகுநர் இருக்க வேண்டும், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். துவாக்குடியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் உள்ள சிறு நிறுவனங்கள் தனித்தனியாக முடியாவிட்டால் சங்கமாகச் சேர்ந்து பயிற்சிக்கூடம் வைக்கலாம். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

பெற்றோர்களே, கலந்தாய்வுக்கு முன் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சேர்க்கப்போகும் துறையில் எத்தனை ஆசிரியர்கள் ஐந்தாண்டுக்கு மேல் அங்கேயே பணியாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்த மாணவர் இருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் குறைந்த படிப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கடன் வாங்காமல் படித்து, பழகுநராகச் சம்பாதித்து, வேலையில் இருந்துகொண்டே பட்டமும் பெறும் வழி அங்கே இருக்கிறது.

மாணவ மாணவியரே, உங்களிடம் குறை இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். வேலை கிடைக்காததை உங்கள் தனிப்பட்ட தோல்வியாக எண்ணி ஒடுங்கிப்போகாதீர்கள். உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள். ஆய்வகம் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஆசிரியர் வராவிட்டால் எழுத்தில் முறையிடுங்கள். இறுதியாண்டில் நுழைந்ததும் தேசியப் பழகுநர் பயிற்சித் தளத்தில் பதிவு செய்யுங்கள். பயிற்சிக்குப் பணம் கேட்பவரிடம் உதவித்தொகை எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்துக்குள்ளேயே தொழில் தேர்ச்சியும் அடங்க வேண்டும். அது அடங்காத பட்டத்துக்கு வாங்கும் கட்டணம், பாதி வேலைக்கு வாங்கும் முழுக்கூலி. முதல் தலைமுறையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த தமிழ்நாடு, அவர்களைச் சம்பளத்தோடு வேலைக்குள் கொண்டுசேர்க்கும்வரை தன் பொறுப்பு முடியவில்லை என்று அறிவிக்க வேண்டும். இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களும் தொழில் முனைவோரும் வரும் கல்வியாண்டில் ஆளுக்கு ஒரு மாணவரையாவது உதவித்தொகையுடன் கூடிய பழகுநர் பணியில் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.